கூலி என்னும் ஆகுபெயர்

ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிதில், மலைநாட்டுப் பாடசாலையொன்றில், மாணவர் பதிவேட்டிலே தந்தையின் தொழிலைக் குறிக்கும் நிரலை நிரப்பும் வேலை என்மீது விழுந்தது. முதற் பெயருக்கு எதிரே 'கூலி' என்று எழுதினேன். அடுத்த பெயருக்கும் அதுவே. அதற்கடுத்த பெயருக்கும் அதுவே. எனவே மேற்படிக் குறியிட்டுக்கொண்டே பக்கத்தின் அடிவரை இறங்கினேன். முன்வாங்கிலிருந்து எட்டிப் பார்த்த சிறுமி ஒருத்தி கேட்டாள்: "சேர், கூலிங்கிறது அப்பா வாங்குறதுதானே? அப்பா செய்றது இல்லையே?"

தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்று பட்டம் பெற்று வந்தவன் நான். நன்னூலார் வகுத்த ஆகுபெயர் வகைகளை அன்று காலையில்தான் மேல்வகுப்புக்குக் கற்பித்திருந்தேன். எனினும் அச் சிறுமிக்கு விடை கூறாது, "இடத்தில் இரு" என்றேன். அன்று கூறாத விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை. சொல்லாராய்ச்சி என்ற அளவில் இதனைத் தொடங்கினேன். அது அந்த அளவில் நிற்கவில்லை.

ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய வேறொன்றற்கு ஆகிவருவது ஆகுபெயர். 'ஊர் சிரித்தது' என்னுமிடத்து ஊர் என்பது ஊரிலுள்ள மக்களுக்கு ஆகிவருகின்றது. ஆயின் அவ்வாறு கூறுவதால் எவரும் மனிதரை ஊரென்று மயங்குவதில்லை. ஆகுபெயரின் அழகே அதுதான். இரு பொருளும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்கும். கூலி என்ற சொல் மனிதனுக்கு ஆகிவந்தபோது நிகழ்ந்தது வேறு. அங்கே பெயர் மனிதனை விழுங்கிவிட்டது.

தமிழிலே கூலி என்பது உழைப்புக்கு ஈடாகக் கொடுக்கப்படுவது. தானியத்தைக் குறிக்கும் கூலம் என்ற சொல்லோடு இதனைப் பிணைத்து, நெல்லும் வரகும் அளந்து கொடுத்த காலத்தின் எச்சமாக இதனைக் காண்பாரும் உளர். அது பொருந்துமாயின் ஒரு வேடிக்கையும் உண்டு: மணிமேகலை பாடிய சாத்தனார் கூலம் விற்றவர், மதுரைக் கூலவாணிகன் என்ற அடைமொழி அவர் பெயருக்கு முன்னே பெருமையோடு நிற்கின்றது. கூலத்தை விற்றவனுக்கு அது பட்டமாயிற்று. உழைத்துப் பெற்றவனுக்கு வசையாயிற்று.

ஆயினும் தொடக்கத்தில் அச்சொல்லில் இழிவு இல்லை. ஆள்வினையுடைமை என்ற அதிகாரத்திலே வள்ளுவர், தெய்வத்தால் ஆகாத இடத்தும் முயற்சியானது உடல் வருந்திய அளவுக்குப் பயன் தரும் என்று கூறுகின்றார். அப்பயனைச் சுட்ட அவர் எடுத்தாண்ட சொல் கூலியே. பயன், பேறு, ஊதியம் என எத்தனையோ சொற்கள் அவர் கைவசம் இருந்தும் அதனையே தெரிந்தெடுத்தார். மாணிக்கவாசகரோ இன்னும் ஒருபடி மேலே செல்கின்றார். வைகை பெருகிக் கரை உடைந்தபோது, மதுரையிலே பிட்டு விற்றுப் பிழைத்த கிழவி வந்தியின் பங்கை அடைக்கக் கூலியாளாக வந்து மண் சுமந்தான் இறைவன் என்பது கதை. திருவம்மானையில் அதனைப் பாடுமிடத்து, இறைவன் கூலி கொண்டான் என்றே வெளிப்படையாகக் கூறுகின்றார் அடிகள். அரசன் அடித்ததையும் பொன்மேனி புண்பட்டதையும் அதே மூச்சில் சொல்கின்றார். புராணத்தை நம்புவதும் நம்பாமல் விடுவதும் வாசகர் விருப்பம். கூலியாளின் முதுகில் விழுந்த பிரம்படி பாண்டியன் முதுகிலும் ஊரார் முதுகிலும் விழுந்தது என்று கதைகட்டிய மக்களின் உள்ளத்தை மட்டுமேனும் நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

இதனைக் கொண்டு பழந்தமிழ்ச் சமுதாயம் உழைப்பாளியைத் தலைமேல் வைத்துப் போற்றியது என்று நான் கூறவரவில்லை. அவ்வாறு கூறி மகிழும் மேடைப் பேச்சாளர் நம்மிடையே போதியளவு உளர். வந்தியின் கதையிலேயே வீட்டுக்கு ஓராள் கட்டாயமாகச் செல்லவேண்டும் என்பது அரச ஆணை. முடியாதவள் கிழவி என்பதை அரசு பார்க்கவில்லை. நமது யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டளவில் தொகுப்பித்த தேசவழமையிலே அடிமைகள் பற்றிய விதிகள் உள. இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். அதுவரை இந்நாட்டிலே கூலி என்ற சொல்லுக்குக்கூட உரித்தில்லாது உழைத்தவர்கள் இருந்தார்கள். அவர்களை நோக்க, கூலி பெற்றவன் ஒரு படி மேலே நின்றவன். அவன் உழைப்புக்கு ஒரு விலை உண்டென்று எதிரிலுள்ளவன் ஒப்புக்கொண்டிருந்தான்.

அந்த ஒப்புதலே இச்சொல்லின் உயிர். கூலி என்றால் அங்கே இருவர் இருக்கின்றனர்: கொடுக்கக் கடமைப்பட்டவர் ஒருவர், பெற உரிமைபெற்றவர் ஒருவர். அயல் மொழிகளிலும் இது விளங்கும். மலையாளத்தில் வண்டிக்கூலி என்பது பயணக் கட்டணம். நமது ஊர்களிலும் பழையவர் வாயில் அது அவ்வாறே. பொற்கொல்லருக்குச் செய்கூலி கொடுக்கின்றோம். அதனால் அவரை எவரும் கூலி என்று விளிப்பதில்லை. சிங்களத்தில் 'குலிய' என்பது வாடகை. கொழும்பிலே நாலு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் கனவான் மாதந்தோறும் 'கெவல் குலிய' வாங்குகின்றார். வாங்குவதனால் ஒருவன் கூலி ஆவானென்றால், அந்தக் கனவானுக்கும் அப்பெயர் பொருந்தவேண்டுமன்றோ? பொருந்துவதில்லை. ஆதலின் பழி வாங்குதலில் இல்லை, வேறெங்கோ இருக்கின்றது.

தெலுங்கிலே இச்சொல் கூலியையும் கூலியாளையும் ஒருங்கே குறிக்கும். ஆகவே ஆளுக்கு இப்பெயர் வந்தமை ஐரோப்பியர் மட்டுமே செய்த புதுமை என்று சாதிக்க முடியாது. ஆனால் போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டில் இச்சொல்லைக் கைக்கொண்டு, பின்னர் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதனை எடுத்துச் சென்றபோது, மூலப்பொருள் கரையிலேயே தங்கிவிட்டது. ஆங்கிலத்தில் 'கூலி' என்றால் ஆள் மட்டுமே. கூலியைக் குறிக்க அம்மொழியில் வேறு சொல் உண்டு. பெறுபவன் பெயரிலிருந்து கொடுப்பவன் கழன்றுகொண்டான்.

இச்சொல்லின் பிறப்பைப் பற்றி அறிஞரிடையே பிணக்கு உண்டு. 1886இல் யூல், பேர்னல் என்போர் வெளியிட்ட 'ஹொப்சன்-ஜொப்சன்' என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி, தமிழ்க் கூலியையும், குசராத்துப் பகுதியில் வாழும் கோலி என்ற சாதியாரின் பெயரையும் எடுத்து ஆராய்கின்றது. மேற்குக் கரையிலே சுமை தூக்கிய கோலிகளின் பெயர் சுமை தூக்குவோர் அனைவருக்கும் ஆயிற்று என்பது இரண்டாவது கொள்கை. அடிமையைக் குறிக்கும் 'குல்' என்ற துருக்கிச் சொல்லோடு சேர்த்து நோக்குவாரும் உளர். இக் 'குல்'தான் ஐதராபாத் நகரை 1591இல் நிறுவிய முகம்மது குலி குதுப் ஷாவின் பெயரிலும் இருப்பது. அடியான் என்ற பொருளில் அங்கே அது அரசனுக்கு அணியாயிற்று. சாதி, கூலி, அடிமை ஆகிய மூன்றில் எது வேர் என்று மொழிநூலார் வழக்காடட்டும். என்னைக் கேட்டால், வேர் எதுவாயினும், 19ஆம் நூற்றாண்டின் கப்பல்களில் இம்மூன்றும் ஒன்றாகிவிட்டன. கூலி தருவதாகச் சொல்லி ஏற்றினர், அடிமையைப்போல் நடத்தினர், பிறப்பினாலேயே அப்பெயருக்கு உரியவன் என்று அவன் பிள்ளைக்கும் அதனைச் சூட்டினர்.

அக்கப்பல்களின் வரலாறு ஓரளவு அறியப்பட்டதே. பிரித்தானியப் பேரரசில் அடிமைத்தளையை அகற்றும் சட்டம் 1834 ஆகத்து 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பர் 2ஆம் நாள் 'அட்லஸ்' என்ற கப்பல் 36 இந்தியத் தொழிலாளருடன் மொரீசியஸ் தீவை அடைந்தது. இடைவெளி மூன்று மாதம்! 1838இல் பிரித்தானியக் கயானா, 1845இல் திரினிடாட், 1860இல் நேட்டால், 1879இல் பிஜி. நேட்டாலுக்குச் சென்ற முதற் கப்பலாகிய 'துரூரோ' சென்னையிலிருந்தே புறப்பட்டது. கரும்புத் தோட்ட முதலாளிக்கு வேண்டியிருந்தது அடிமையின் உழைப்பு. சட்டம் மறுத்தது அடிமை என்ற பெயர். அந்த இடைவெளியை அடைக்க நமது சொல் அகப்பட்டது.

சீனத்தில் இச்சொல் புகுந்த விதம் என்னை நெடுநேரம் சிந்திக்கவைத்தது. சீன எழுத்தில் அயற்சொல்லை எழுதவேண்டுமாயின் ஒலியை ஒத்த எழுத்துக்களைத் தேடவேண்டும். அவ்வெழுத்துக்களுக்கோ தனித்தனிப் பொருளும் உண்டு. 'கு-லி' என்பதற்கு அவர்கள் இட்ட இரண்டு எழுத்துக்களில் முதலாவது கசப்பு அல்லது துன்பம், இரண்டாவது வலிமை. கசப்பான வலிமை! அகராதிகாரர் பக்கம் பக்கமாக எழுதியும் எட்டாத பொருளை இரண்டே எழுத்துக்கள் எட்டிவிட்டன. 1847 முதல் 1874 வரை கியூபாவுக்கும் பெருவுக்கும் இலட்சக்கணக்கில் சீனர் ஏற்றப்பட்டனர். கந்தோன் மக்கள் பேச்சிலே அந்த வணிகத்துக்குப் பெயர் 'பன்றிக்குட்டி விற்றல்'. 1862இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிங்கன், அமெரிக்கக் கப்பல்கள் இந்தக் 'கூலி வணிகத்தில்' ஈடுபடுதலைத் தடைசெய்யும் சட்டத்தில் ஒப்பமிட்டார். கூலி கொடுத்து வேலைக்கு வைப்பதை எவரும் தடைசெய்வதில்லை. கூலியை விற்பதைத் தடைசெய்யவேண்டியிருந்தது. சொல் தன் பொருளிலிருந்து எத்துணைத் தூரம் விலகிவிட்டது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சுமாத்திராவின் டெலிப் பகுதிப் புகையிலைத் தோட்டங்களுக்காக ஒல்லாந்த அரசு 1880இல் இயற்றிய சட்டத்தின் பெயரே கூலிச் சட்டம். ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளிக்குக் குற்றவியல் தண்டனை அதில் விதிக்கப்பட்டது. அங்கு நடந்த கொடுமைகளை வான் டென் பிராண்ட் என்ற ஒல்லாந்த வழக்கறிஞர் 1902இல் 'டெலியின் கோடிகள்' என்ற பொருள்பட ஒரு துண்டுநூலில் எழுதி ஒல்லாந்தையே கலக்கினார். இந்தோனேசியர் இன்று பத்திரிகையாளரைக் 'குலி திந்தா', அதாவது மைக்கூலி, என்று நகைச்சுவையாகக் குறிப்பர். எழுதிப் பிழைப்பவன் தன்னைத்தானே அவ்வாறு அழைத்துக்கொள்ள முடிகின்றது. சுமை தூக்கியவனுக்கு அந்தச் சுதந்திரம் இருந்ததா என்பது வேறு வினா.

தென்னாபிரிக்காவில் காந்தியடிகள் கண்டதையும் சொல்லவேண்டும். அங்கே இந்தியர் அனைவரும் 'கூலி' அல்லது 'சாமி' என்றே அழைக்கப்பட்டதைத் தம் வரலாற்றில் அவர் விரித்துரைக்கின்றார். வணிகர் கூலி வணிகர்; தாம் கூலிப் பாரிஸ்டர். இராமசாமி, முத்துச்சாமி என்ற பெயர்களின் ஈற்றைப் பிய்த்தெடுத்து வெள்ளையர் வசையாக வழங்கிய 'சாமி' என்ற சொல்லுக்குத் தலைவன் என்பது பொருள். எனவே உழைத்தவனின் உரிமையைக் குறித்த சொல்லும் தலைவனைக் குறித்த சொல்லும் ஒரே தெருவில் ஒரே இழிவை அடைந்தன. 1885ஆம் ஆண்டின் திரான்சுவால் சட்டமோ 'கூலிகள் எனப்படுவோர்' என்று ஒரு மனிதஇனத்தையே வகுத்து அவர்தம் உரிமைகளைப் பறித்தது. சாதிப்பெயர் தொழிற்பெயராயிற்றென்று கோலிக் கொள்கையினர் கூறுவர். இங்கே தொழிற்பெயர் சாதிப்பெயராயிற்று.

நமது நாட்டுக்கு வருவோம். தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்களை இங்கு கடல்கடந்த தீவுகளைப்போல ஆண்டுக் கணக்கான ஒப்பந்தம் கட்டிவைக்கவில்லை. அதற்கு வேறு கயிறு இருந்தது. வழிச்செலவு முதற்கொண்டு அனைத்தும் கங்காணியிடம் கடன். தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குச் செல்லவேண்டுமாயின், அவன் கடன் இவ்வளவு, அதனைக் கட்டுபவர் இவனைக் கொண்டுசெல்லலாம் என்று எழுதிய 'துண்டு' வேண்டும். 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை மனிதன் அந்தத் துண்டிலேயே கைமாறினான். கூலி என்றால் அவனுக்கு வரவேண்டியது; துண்டில் எழுதியிருந்ததோ அவன் கொடுக்கவேண்டியது. கடன்பட்டவன் துரை, கடனாளி எனப்பட்டவன் தொழிலாளி. மொழியிலே நிகழ்ந்த தலைகீழ் மாற்றம் கணக்கேட்டிலே நிகழ்ந்ததன் நிழல் என்றே நான் கருதுகின்றேன்.

புதிதாக வரும் சின்னத்துரைமார் தமிழ் பயில்வதற்கென 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெர்குசன் என்பவர் ஒரு கைந்நூல் எழுதினார். அதன் பெயர் 'இங்கே வா!' பின்னர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெல்ஸ் என்பவர் எழுதிய நூலுக்குப் பெயர் 'கூலித் தமிழ்'. வள்ளுவரும் அடிகளும் எழுதிய மொழி மலையேறியபோது பெற்ற பெயர் அது! இதனை வகுப்பிலே சொன்னால் பிள்ளைகள் சிரிக்கின்றனர். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

ஏனெனில் துரைமாரோடு இது முடிவதில்லை. வடக்கிலிருந்து மலைநாட்டுக்குச் சென்றவன் நான். 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லை எமது வீட்டுத் திண்ணையில் கேட்டே வளர்ந்தேன். சொன்னவர்கள் கொடியவர்கள் அல்லர். தேவாரம் ஓதியவர்கள், மண் சுமந்த கதையைக் கேட்டுக் கண்ணீர் விட்டவர்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் மலையக மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியபோது, படித்த தமிழரிற் பலர் அதனை அயலார் வீட்டு இழவாகவே கருதினர். 1964 ஒக்டோபரில் இரு நாட்டுத் தலைவர்கள் செய்த உடன்படிக்கையில் 9,75,000 பேர் பங்கிடப்பட்டனர்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பின்னர் பார்த்துக்கொள்ளப்படும். பங்கிடப்பட்டவரிடம் எவரும் கேட்கவில்லை. எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. வரவுசெலவுக் கணக்கில் ஓர் இனமாக மனிதரை எழுதப் பழகிய கைக்கு இது கடினமாக இருந்திராது. பதிவேட்டில் மேற்படிக் குறியிட்ட என் கையையும் அக் கைகளோடு சேர்த்தே எண்ணுகின்றேன்.

அப்படியாயின் இச்சொல்லை என் செய்வது? கடல்கடந்த தீவுகளில் இரு வழிகள் கண்டனர். மொரீசியசில் தொழிலாளர் வந்திறங்கிய படித்துறை முன்னர் 'கூலி காட்' எனப்பட்டது. 'ஆப்பிரவாசி காட்', அதாவது வந்தேறியோர் துறை, என்று அதன் பெயரை மாற்றினர். 2006இல் அது உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. ஒதுக்கிவிடுதல் ஒருவழி. கயானாவின் ராஜ்குமாரி சிங் என்ற பெண்மணியோ 1973இல் 'நான் ஒரு கூலி' என்று தலைப்பிட்டே கட்டுரை எழுதினார். மொரீசியசுக் கவிஞர் கால் தொராபுல்லி 1992இல் அச்சொல்லிலிருந்து 'கூலிட்யூட்' என்ற கருத்தையே உருவாக்கினார். வசையை எடுத்துக் கொடியாக உயர்த்துதல் மற்றவழி.

இரண்டையும் நான் மதிக்கின்றேன். ஆயின் அவ்விரு வழியும் தமிழை வீட்டுமொழியாக இழந்தவர்களுக்கு உரியவை என்று தோன்றுகின்றது. அவர்களுக்கு அச்சொல் மனிதனை மட்டுமே குறிக்கும். ஏற்கவோ எறியவோ செய்யலாம். நமக்கோ அது இன்றும் கூலியைக் குறிக்கின்றது. 'தொழிலாளி' என்று எழுதிவிட்டு முன்போலவே குறைத்துக் கொடுப்பதும் நடக்கக்கூடியதே. நாகரிகமான சொல்லுக்குப் பின்னால் கொடுப்பவன் இன்னும் வசதியாக ஒளிந்துகொள்ளலாம். நாட்கூலி 1000 ரூபா வேண்டுமென்று பல ஆண்டுகள் கேட்டு, 2021 மார்ச்சில்தான் அது வர்த்தமானியில் வந்தது. அதிலும் 900 அடிப்படை, 100 வேறொரு படி. அந்த ஆண்டுகளிலெல்லாம் மேடைகளில் 'எமது தொழிலாளத் தோழர்களே' என்ற விளிக்குக் குறைவிருக்கவில்லை.

சிறுமியின் தந்தை கவ்வாத்து வெட்டுபவர். அதனை நான் பின்னர் கேட்டறிந்தேன். தேயிலைச் செடியை எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் வெட்டினால் தழைக்கும் என்பதை அறிந்த கை அவருடையது. இன்னொருத்தியின் தந்தை கான் வெட்டுபவர். வேறொருவன் தாய் கொழுந்து பறிப்பவள், தந்தை கொழும்பிலே கடையொன்றில் நிற்பவர். என் மேற்படிக் குறிகளின் கீழே இத்தனை தொழில்கள் கிடந்தன. மறுநாள் அப்பக்கத்தை மீண்டும் எழுதினேன். நிரல் ஒடுக்கமானதாகையால் எழுத்தைச் சிறிதாக்க வேண்டியிருந்தது.

எழுதும்போது அவர்களிடமே இன்னொரு சொல்லையும் கற்றேன். தோட்டத்திலே ஒருநாள் வேலை செக்கிறோலில் பதியப்படுவதைப் 'பேர்' என்கிறார்கள். கேட்ட நிறைக்குக் கொழுந்து இல்லாவிட்டால் அரைநாட் கூலி. அதற்குப் பெயர் 'அரைப்பேர்'. "நேத்து அம்மாவுக்கு அரைப்பேருதான் சேர் போட்டாங்க" என்று அவள் சொன்னபோது, அது ஆகுபெயரா என்று அவள் கேட்கவில்லை. மழை நாளில் கொழுந்தின் நிறையிலிருந்து தண்ணீருக்கென்று எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.